நிகோட்டின் சூயிங்கம்: மெல்லும் முறையையும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புகைப்பழக்கத்தை விடுவது பற்றி வரும் கட்டுரைகள் மன உறுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. சிகரெட்டுக்குப் பதிலாக நிகோட்டினை (புகையிலையில் உள்ள, பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருளை) உடலுக்குத் தரும் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் பற்றி ஒரு வரி இருந்தாலே அதிகம். அதைப் படித்து வாங்கியவர்களில் பலர் இரண்டே நாளில் 'இது வேலைக்கு ஆகாது' என்று தூக்கிப் போட்டுவிட்டுச் சிகரெட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். பயன்படுத்தும் முறையை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. உங்கள் நாளிதழாவது அதை விளக்கமாக வெளியிட வேண்டும்.

சாதாரண சூயிங்கம்போல இதை விடாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அங்கிருந்து போவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால் மூளைக்கு எட்டுவது கொஞ்சம்தான். விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான் மிச்சம். வாயின் உட்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டிய மருந்து இது. சில முறை மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் காரமோ 'சுருக்'கென்ற உணர்வோ வந்ததும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடத்தில் அந்தச் சுருக்குத் தணிந்துவிடும். மறுபடி மென்று இன்னொரு பக்கம் ஒதுக்கலாம். இப்படி ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். போடுவதற்கு முந்தைய 15 நிமிடமும், வாயில் இருக்கும் வரையிலும் காபி, பழச்சாறு, குளிர்பானம் எதுவும் கூடாது. வாயில் அமிலத்தன்மை இருந்தால் நிகோட்டின் சரியாக உள்ளே போகாது.

கண் விழித்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. துண்டு வேண்டும், மற்றவர்களுக்கு 2 மி.கி. போதும். முதல் 6 வாரம் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணிக்கு ஒன்று. நாளுக்கு 24 துண்டைத் தாண்டக் கூடாது. பெரும்பாலோர் பயந்துகொண்டு மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வதுதான் உண்மையான சிக்கல். சிகரெட்டில் இழுத்த நிகோட்டின் சில நொடிகளில் மூளையைத் தொடும். சூயிங்கத்துக்குப் பல நிமிடம் ஆகும். தவிப்பு தலைக்கேறிய பிறகு வாயில் போட்டால் அதற்குள் கை சிகரெட்டைத் தேடிவிடும். அதனால்தான் மணி பார்த்துப் போடச் சொல்கிறார்கள்.

நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர்கள் 21 மி.கி. பேட்சை 6 வாரமும், பிறகு 14 மி.கி.யை 2 வாரமும், 7 மி.கி.யை 2 வாரமும் ஒட்டலாம். முடியில்லாத உலர்ந்த தோலில், தினமும் இடம் மாற்றி ஒட்டுங்கள். தூக்கம் கெட்டால் படுக்கும் முன் கழற்றிவிடலாம். பேட்சோடு, தவிப்பு வரும் நேரத்தில் சூயிங்கமும் சேர்த்துக்கொள்வது ஏதாவது ஒன்றை மட்டும் நம்புவதைவிட நல்ல பலன் தரும். நிகோட்டினால் புற்றுநோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். அதற்குக் காரணம் புகையிலுள்ள தாரும் மற்ற நச்சுப்பொருள்களும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். எரிச்சலும் தவிப்பும் அடங்கவே இல்லை என்றால் அளவு போதவில்லை. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. புகைக்கும் தவிப்பைக் குறைக்கும் வரெனிக்லின் மாத்திரையும் மருத்துவர் சீட்டோடுதான். பொதுவாகப் புகையை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று, காபி. புகை கல்லீரலின் ஒரு நொதியை முடுக்கிவிடுவதால் புகைப்பவர் உடலிலிருந்து காஃபீன் சீக்கிரம் வெளியேறுகிறது. புகையை நிறுத்திய சில நாளில் அந்த வேகம் குறைந்து, அதே அளவு காபியே ரத்தத்தில் காஃபீனை வெகுவாக ஏற்றிவிடும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் பழியெல்லாம் சிகரெட்டை விட்டதன் மேல் விழும். முதல் வாரமே காபியைப் பாதியாக்கிவிடுவது நல்லது. தியோஃபிலின் (ஆஸ்துமாவுக்கு), குளோசபின் (மனநோய்க்கு) போன்ற மருந்துகளையும் இதே நொதிதான் கையாள்கிறது. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் புகையை விடப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

முதல் மூன்று நாள் மிகக் கடினம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலான தொல்லைகள் அடங்கும். இடையில் இருமல் கூடலாம், மலச்சிக்கல், வாய்ப்புண் வரலாம். 'விட்டதால்தான் உடம்பு கெட்டது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் 'எல்லாம் போச்சு' என்று பேட்சைக் கழற்றி எறிகிறவர்கள்தான் அதிகம். கழற்ற வேண்டாம். பாக்கெட்டில் மீதமிருப்பதைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த துண்டை வழக்கமான நேரத்தில் வாயில் போடுங்கள். மருந்து அட்டவணை அப்படியே தொடரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்