வளைவுக்குப் பின்னால் இருந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலம் ஏற்காடு சாலையிலுள்ள பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு பற்றிய செய்தியைப் படித்தேன். அங்கே யார் யார் நடித்தார்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நடத்தியவரைப் பற்றிப் பேச்சே குறைவு. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்த டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) இவர் தயாரிப்புதான். அந்த நிறுவனம் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது என்பதைவிட, உள்ளூரில் எத்தனை வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என் தாத்தா அங்கே செட் தச்சர். "ஒண்ணாந் தேதின்னா சம்பளம் கையில இருக்கும்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட தச்சர், லைட்மேன், தையல்காரர் குடும்பங்களிடம் உள்ள பழைய புகைப்படங்களையும் சம்பளச் சீட்டுகளையும் திரட்டி, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஓர் அறை ஒதுக்கலாம்.

ஒரு வாசகர், கன்னங்குறிச்சி