அந்தச் சாதி இல்லாத மதத்தின் முகவரி வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், பட்டியல் சாதிச் சலுகை கேட்கும் தலித் கிறிஸ்தவர்களான எங்களைப் பற்றி, "சாதியே இல்லாத மதத்துக்குப் போனவர்கள் சாதிக்கான சலுகையை மட்டும் விடமாட்டேன் என்பது என்ன நியாயம்? இதற்காகப் பாதிரியார்கள் வேறு அரசியல்வாதிகள் மாதிரி ஊர்வலம் போகிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். எழுதிய உங்களுக்கு அது இந்நேரம் மறந்திருக்கும். படித்த எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சட்டம் தெரியாமல் எழுதினீர்கள் என்று சொல்லமாட்டேன். பட்டியல் சாதிகள் எவை என்று வரையறுத்து 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் மூன்றாவது பத்தியும் உங்களுக்குத் தெரியாததா? இந்துக்களைத் தவிர வேறு மதத்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள் என்றது அந்தப் பத்தி. 1956-இல் அதைத் திருத்திச் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். இரண்டும் சாதியை ஏற்காத மதங்கள்தானே? அவர்களிடம் உங்கள் பத்திரிகை இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது, அவர்களுக்குக் கிடைத்தது நியாயமான உரிமை. எங்கள் முறை வரும்போது மட்டும் உங்களுக்கு இறையியல் ஞாபகம் வந்துவிடுகிறது. மதத்தையும் அரசியலையும் கலக்காதீர்கள் என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறீர்களே, மதத்தைப் பார்த்துச் சாதிப் பட்டியல் போட்டது நாங்களா?

சரி, அந்தச் சாதி இல்லாத மதத்துக்கு வருவோம். அதன் முகவரியைக் கொடுத்தால் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்துகொள்கிறேன். நான் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் அது இல்லை. எங்கள் கோயில் சிலுவை வடிவம். நடுப்பகுதி ஊர்த்தெருக்காரர்களுக்கு, பக்கத்து இறக்கை எங்களுக்கு. திருவிழாச் சப்பரம் எங்கள் தெரு முனை வரை வந்து திரும்பிவிடும். பங்கு என்கிற எங்கள் கோயில் வட்டாரத்துக்குச் சொந்தமான சவ வண்டி எங்கள் தெருவுக்கு வராது. என் அப்பா இறந்தபோது ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப் போக முடியாது என்று ஏரிக்கரையைச் சுற்றித்தான் கொண்டுபோனோம். கல்லறையில் குறுக்கே ஒரு சுவர். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று சாமியார் முதலில் அந்தப் பக்கத்துக் கல்லறைகளை ஒவ்வொன்றாக மந்திரிப்பார். எங்கள் பக்கம் வருவதற்குள் செம்பில் தீர்த்தம் தீர்ந்திருக்கும். கோயில்பிள்ளை மறுபடி நிரப்பிக்கொண்டு வரும்வரை, கொளுத்திய மெழுகுவர்த்தியைக் காற்றில் அணையாமல் கையால் பொத்திக்கொண்டு நிற்போம். செத்தவனுக்கும் சாதி உண்டு என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இது ஒரு ஊர் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2008 மார்ச்சில் எறையூரில் (அப்போது விழுப்புரம் மாவட்டம்) நடந்தது உங்கள் பத்திரிகையிலேயே வந்தது. தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அது கலவரத்தில் முடிந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரு தரப்பும் கத்தோலிக்கர்கள்தான், ஒரே ஜெபமாலைதான். அதற்கு முன்பே, 2003-இல், ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதியைப் பற்றிக் கண்டித்துப் பேசியிருக்கிறார். வத்திக்கான் வரை தெரிந்த விஷயம் அண்ணா சாலையில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தாயிற்று. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கை நீங்கள் அறிவீர்கள். செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை தரும் திட்டம் ஒன்று இருந்தது. அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது, சூசை கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் கையில் இருந்த ஊசியும் நூலும் ஆதாரமாகப் படவில்லை.

சலுகை சலுகை என்கிறீர்கள். தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சப்பரத்தை மறித்தவர் மகனும் என் மகனும் ஒரே வரிசையில் நின்று வேலைக்குப் போட்டி போட வேண்டும். சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 தனித் தொகுதிகள். அதில் ஒன்றில்கூட எங்களால் மனுத் தாக்கல் செய்ய முடியாது. சாதியைச் சொல்லி அடித்தான் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்று போதும். அடித்தவன் அதைப் பார்த்துவிட்டா அடித்தான்?

அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? என் சொந்தக்காரர் வீட்டுப் பையனுக்கு ஏட்டில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். அவன் சாதிச் சான்றிதழுக்காக விசாரணைக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் அம்மா சுவரிலிருந்த மாதா படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். படம் இருந்த இடம் மட்டும் புகை படியாமல் சதுரமாக வெள்ளையாகத் தெரிந்தது. அதை மறைக்க அவசரமாக ஒரு நாள்காட்டியை மாட்டினார்கள். ஏமாற்றுக்காரர்கள் என்று உங்கள் அடுத்த பதிலில் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதையே குற்றம்போல ஒளிக்கவைத்தது எது என்பதையும் கூடவே எழுதுங்கள்.

எங்கள் திருச்சபையை நான் காப்பாற்ற வரவில்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை, ஆண்டான் என்ற பேதமில்லை என்று பவுல் எழுதியதைப் பீடத்தில் வாசித்துவிட்டு, கல்லறைச் சுவரைப் பற்றிக் கேட்டால் "பொறுமையாக இருங்கள், ஜெபியுங்கள்" என்பார்கள். சாதியைப் பற்றி நாங்கள் வாயெடுத்தால் "கோயிலுக்குள் அரசியல் வேண்டாம்" என்பார்கள். தேர்தல் வந்தால் அதே ஆட்களிடம் எல்லாக் கட்சி வேட்பாளரும் சால்வையோடு வந்து நிற்பார்கள், அது மட்டும் அரசியல் கிடையாது. ஆகவே நீங்கள் கேலி செய்கிற அந்த ஊர்வலத்தில் ஒரு சில சாமியார்களாவது வெயிலில் நடந்தார்களே என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். எங்களுக்கு அது தாமதமாக வந்த கூலி.

பாதிரியார் அரசியல் பேசினால் என்ன கதி என்பதையும் பார்த்துவிட்டோம். திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகப் பேசினார். 2020 அக்டோபரில் கைது செய்தார்கள். நடுக்கவாத நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாத மனிதர், உறிஞ்சுகுழல் வைத்த குவளைக்காக நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ஆம் தேதி, ஜாமீன் கிடைக்காமலே, 84 வயதில் மும்பை மருத்துவமனையில் இறந்தார். அந்த வாரம் உங்கள் அட்டையில் ஒரு நடிகையின் திருமணம். அப்போதே கடிதம் எழுதினேன், நீங்கள் போடவில்லை. 2023 ஏப்ரல் 19 அன்று தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோதும் எழுதினேன். அதில் முதல்வருக்கு நன்றி சொன்ன வரியை மட்டும் போட்டு, தீர்மானத்தோடு நின்றுவிடக் கூடாது என்ற வரியை வெட்டிவிட்டீர்கள். தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது. 1950 ஆணையின் மூன்றாவது பத்தியை நீக்கலாம் என்று மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் 2022-இல் உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, இரண்டு ஆண்டு கெடு கொடுத்து, அந்தக் கெடுவையும் நீட்டினார்கள். இத்தனையும் உங்கள் மேசைக்கு வந்த செய்திகள். எங்கள் காத்திருப்பு மட்டும் உங்களுக்குச் சலுகைப் பேராசையாகத் தெரிகிறது.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அந்தப் பழக்கம் பத்திரிகைகளுக்குக் கிடையாது. கேட்பது சின்ன விஷயம். 1950 ஆணையில் 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மட்டும் வெளியே நிற்கிறார்கள் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்துச் சோப்பு விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம், அதே கேள்வி-பதில் பகுதியில், அதே எழுத்தளவில் போடுங்கள். இந்தக் கடிதம் நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் உங்களைத் திட்டிய இடங்களை எல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள், கல்லறைச் சுவர் வருகிற பத்தியைத் தொடாதீர்கள். முழுதாகப் போட முடியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள், சுயவிலாசமிட்ட உறையை இதனுடன் வைத்திருக்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.