எதிலும் கையெழுத்துப் போடாதே

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது போன் பாப்பா கையிலேயே இருந்துவிட்டது. நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் வைத்துவிட்டாய். பரவாயில்லை. தமிழில் எழுதுகிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. பாப்பா எட்டிப் பார்த்தாலும் நாலு வரியைத் தாண்டமாட்டாள், அதற்காகத்தான். உனக்கு எழுத்துக்கூட்டியாவது படிக்க வரும். சனிக்கிழமை வகுப்புக்கு அழ அழ இழுத்துக்கொண்டு போனது வீணாகவில்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு இன்னும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் போகமாட்டேன் என்கிறார். அப்புறம், பொதுவாக ஒன்று சொல்லிவைக்கிறேன். யார் கேட்டாலும் எந்தக் கடனுக்கும் கையெழுத்துப் போடாதே. கோ-சைன் என்று ஏதோ சாட்சிக் கையெழுத்து மாதிரிச் சொல்வார்கள். வாங்கினவர் கட்டவில்லை என்றால் அது முழுசும் உன் தலையில்தான். சும்மா, பொதுவாகச் சொன்னேன்.

பாப்பாவுக்கு மே 1-க்குள் எந்தக் காலேஜ் என்று பதில் சொல்லியாக வேண்டும். மூன்று இடத்துக் கடிதங்களும் சாப்பாட்டு மேஜையில்தான் கிடக்கின்றன. பாஸ்டனில் இருக்கிறதே, அதுதான் வேண்டுமாம். அந்தக் கடிதத்தில் "உங்களுக்கான உதவி 46,000 டாலர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்பாவும் மகளும் குதித்தார்கள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் 5,500 அரசாங்கக் கடன். கடன் எப்படி உதவியாகும்? 2,500 வொர்க்-ஸ்டடி, அதாவது இவள் நூலகத்திலோ ஆபீஸிலோ மணிக்கணக்கில் வேலை பார்த்தால் சம்பளமாக வரும் பணம். வேலை கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. இரண்டையும் அடித்தால் உண்மையாகத் தருவது 38,000. வருஷத்துக்கு மொத்தச் செலவு 91,000. மீதி 53,000.

மலைப்பக்கத்துச் சின்னக் காலேஜ் 86,000 என்று பார்த்ததும் அப்பா அந்தக் காகிதத்தைக் கவிழ்த்தே வைத்துவிட்டார். ஆனால் அவர்கள் 55,000 தருகிறார்கள், கடனைச் சேர்க்காமல். ஆக 31,000. நம் ஸ்டேட் யூனிவர்சிட்டி, தங்குகிற டார்மோடு சேர்த்து 34,000, உதவி ஒரு பைசா கிடையாது. விலை அதிகம் என்று நாங்கள் பயந்ததுதான் மூன்றில் குறைவு. இதை அப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

எங்களால் வருஷத்துக்கு 30,000 முடியும். பாஸ்டனுக்கு இவள் பேரில் அந்த 5,500 கடனையும் எடுத்தால் இன்னும் 17,500 துண்டு விழுகிறது. நாலு வருஷத்துக்கு 70,000. கட்டணம் ஏறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. அவர்கள் வருஷம் 4 சதவீதம் ஏற்றினாலே அடுத்த வருஷம் 3,640 கூடிவிடும், தருகிற 38,000 அப்படியே நிற்கும். அதற்கும் ஒரு நிபந்தனை, மதிப்பெண் சராசரி நாலுக்கு 3.5-க்குக் கீழே போகக்கூடாது. பெற்றோர் பேரில் அரசாங்கக் கடன் எடுக்கலாம் என்றால், இந்த ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு மொத்தமே 65,000 என்று வரம்பு வைத்துவிட்டார்கள். அதுவும் போதாது. அப்புறம் பிரைவேட் கடன்தான், அதற்குத்தான் நல்ல சம்பளத்தில் இருக்கும் ஒருத்தர் கையெழுத்து கேட்பார்கள்.

சரி, சுற்றி வளைப்பானேன். ஐபேடில் நீ பாப்பாவுக்கு அனுப்பியதைப் பார்த்துவிட்டேன். தேடிப் பார்க்கவில்லை, சமையல் குறிப்புக்காகத் திறந்தேன், மேலே வந்து நின்றது. "நீ பாஸ்டனுக்கே போ, நான் சைன் பண்ணுகிறேன், அம்மாவிடம் சொல்லாதே."

22 வயதில், வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகாமல், தங்கைக்காக இப்படி நிற்கிறாயே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த நிமிஷம் கோபம். அது என்ன, அம்மாவிடம் சொல்லாதே? நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா? நான் பத்து வரி எழுதினால் கட்டைவிரல் ஒன்றை அனுப்புகிறாய். பொங்கலுக்கும் வரவில்லை. நாளைக்கு நீ வீடு வாங்கப் போனால் இந்தக் கடனும் உன் பேரில்தான் நிற்கும், தெரியுமா? எதிலும் கையெழுத்துப் போடாதே கண்ணா.

போன சனிக்கிழமை மலைப்பக்கத்துக் காலேஜைப் பார்க்கப் போயிருந்தோம். ஆறு மணி நேரம் கார். ஒரு பையன் பின்பக்கமாகவே நடந்துகொண்டு எல்லாவற்றையும் காட்டினான், கல் தடுக்கி விழுந்துவிடுவானோ என்று எனக்கு அதே பயம். நான் நைசாகக் கழன்று துணி துவைக்கிற அறைக்குப் போனேன். ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாரக்கடைசியில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்களா என்று கேட்டேன். "இல்லை ஆன்ட்டி, இன்றைக்கு ராத்திரி நாடகம் இருக்கிறது" என்றாள். ஆன்ட்டி என்றாளே, நம் பக்கத்துப் பெண்ணாக இருக்குமோ என்னவோ. அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காமல் அப்பா இருபது நிமிஷம் சுற்றினார், திட்டிக்கொண்டே. எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது. சனிக்கிழமையும் பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள்.

அப்போதுதான் உன் ஸ்பூன்கள் ஞாபகம் வந்தன. உன் பழைய காரைப் பாப்பாவுக்குக் கொடுக்கலாமென்று சுத்தம் செய்தேன் அல்லவா? டிரைவர் சீட்டுக்கடியில் எட்டு ஸ்பூன். நம் வீட்டு எவர்சில்வர் ஸ்பூன்கள். குப்பையோடு சேர்த்துப் போட்டுவிட்டாள் என்று எத்தனை நாள் பாப்பாவைத் திட்டியிருப்பேன். ஒன்றில் தயிர் காய்ந்து ஒட்டியிருந்தது. நாலு வருஷமும் நீ பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டாயா? வீட்டிலிருந்தே போய் வந்தால் வருஷத்துக்குப் பதின்மூன்றாயிரம் மிச்சம் என்று நான்தானே கணக்குப் போட்டுச் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாய். பொறுப்பான பிள்ளை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை எழுதத்தான் மூன்று நாளாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன் போலிருக்கிறது. 2021-ல் உனக்கு இடம் கிடைத்த காலேஜ் நமக்கு உதவி தராது என்று சொன்னேன் அல்லவா? அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. அரசாங்க உதவி கேட்கிற ஃபாஃப்ஸா ஃபார்மை நான் ஒழுங்காக நிரப்பினேன். அது இலவசம், பெயரிலேயே இலவசம் என்று இருக்கிறது, இதற்கெல்லாம் காசு கேட்டால் ஏமாற்றுக்காரர்கள் என்று பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அப்புறம் காலேஜ் தன் கையிலிருந்து தருகிற உதவிக்கு சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்று இன்னொரு ஃபார்ம், 25 டாலர் கேட்டது. ஏமாற்று வேலை என்று மூடிவிட்டேன். காலேஜில் சேர எழுதுகிற எஸ்ஏடி பரீட்சையை நடத்துகிற காலேஜ் போர்டுதான் அதையும் நடத்துகிறது என்று எனக்குத் தெரியாது. பிப்ரவரி 1 கெடு. மார்ச்சில் உனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தபோது, உதவி என்கிற இடத்தில் "விண்ணப்பம் முழுமையடையவில்லை" என்று இருந்தது. கீழே ஒரு போன் நம்பரும் இருந்தது. அதை ஒரு சீட்டில் எழுதி இரண்டு நாள் ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தேன். என் தப்பை இங்கிலீஷில் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் உன்னிடம், அவர்கள் எதுவும் தரமாட்டார்களாம் என்று சொல்லிவிட்டேன். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் காலேஜின் பச்சை ஸ்வெட்டரை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாய், அவ்வளவுதான். அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா, தெரியாது. நான் கேட்கவில்லை.

இந்த முறை இரண்டு ஃபார்மையும் நவம்பரிலேயே அனுப்பிவிட்டேன். அதில் எடுத்துக்கொள்வது 2024 வருமானம். அப்பாவுக்கு முழு வேலையும் எனக்கு ஓவர்டைமும் இருந்த வருஷம், இப்போது அதில் பாதிதான் வருகிறது. நிலைமை மாறியிருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாமாம். சம்பளச் சீட்டுகளை எல்லாம் வைத்துப் பாஸ்டனுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன், போனிலும் கூப்பிட்டேன். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். பேசவேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உனக்கு ஆபீஸில் பத்து நிமிஷம் ஒழிந்தால் நீயும் லைனில் இரு. ஒழியாவிட்டாலும் நான் பேசுவேன். அதுவரைக்குமாவது எதிலும் கையெழுத்துப் போடாதே.

ஸ்பூன்களைக் கழுவி டப்பாவில் போட்டுவிட்டேன்.

அம்மா