அந்த நம்பர் யாருது, தம்பி?

திருப்பூர், கோவை, பெருந்துறைப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிற எங்க ஊர்ப் பையன்களுக்கு,

வெள்ளக்கோவிலில் இ-சேவை மையம் வைத்திருக்கும் அக்கா எழுதுகிறேன். உங்களில் முக்கால்வாசிப் பேரின் போன் நம்பர் எனக்கு மனப்பாடம். உங்கள் அம்மாக்கள் அதைத்தானே சீட்டில் எழுதிச் சுருக்குப்பையில் மடித்துக் கொண்டுவருகிறார்கள்!

போன வாரம் ஒரு ஆத்தா வந்தார். மழையில் ஆதார் அட்டை ஊறிவிட்டது, புதுசாய் எடுக்க வேண்டும். ஆதாரில் இருப்பது மகன் நம்பர், அதனால் ஓடிபி அவருக்குப் போயிற்று. மகனோ பனியன் கம்பெனியில் செக்கிங். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் ஓடிபி செத்துப்போகும். மூன்று தரம் அனுப்பினேன். "டீக்கு உடுவாங்க அம்முணி, அப்ப அடிச்சுப் பாரு" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். டீ நேரத்தில் தம்பி எடுத்தார், எண்ணைச் சொன்னார், ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதற்குள் ஆத்தாவின் மத்தியானப் பஸ் போய்விட்டது. பட்டியில் ஆடு கத்திக்கொண்டு கிடந்திருக்கும்.

மகனைக் கூப்பிட்டது எந்தப் போனில் தெரியுமா? ஆத்தா இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனில்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வைப் பார்த்தால், தமிழ்நாட்டில் நாலில் மூன்று பெண்களிடம் சொந்தமாய்ப் பயன்படுத்தும் போன் இருக்கிறது. இந்தியக் கிராமங்களில் பாதிப் பேரிடம்கூட இல்லை. நம் கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் அதில் கேட்டது 15 முதல் 49 வயதுப் பெண்களை. என் கடைக்கு வரும் ஆத்தாக்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. போன் கையில் இருந்தும் ஆதாரில், பேங்கில் மகன் நம்பர் இருக்கிறதே, அதையும் அந்த ஆய்வு கேட்கவில்லை.

உரிமைத் தொகை ஏறிய மெசேஜ் உங்களுக்கு வருகிறது. பார்க்காமலே தள்ளிவிடுகிறீர்கள். அம்மா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்கு நடக்கிறார்.

"அம்மாவை யாராச்சும் ஏமாத்திப்போடுவாங்கக்கா" என்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் இப்போது ஸ்பீக்கரில் நீங்கள் கத்திச் சொல்லும் ஓடிபியைக் கடையில் பத்துப் பேர் கேட்கிறார்கள், சாமி! (சம்சாரத்தின் போனுக்கு லாக் போட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாய் ஒரு மடல் எழுதவேண்டும்.)

நோம்பிக்கு வருவீர்கள்தானே? அம்மாவை வண்டியில் ஏற்றி ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் நம்பரை எடுத்துவிட்டு அவர் நம்பரைப் போட வேறு காகிதம் எதுவும் வேண்டாம். அவர் விரல் ரேகையும் 75 ரூபாயும் போதும். அம்மாவுக்கு நடக்க முடியாதென்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து மாற்றித் தரும் வசதி இருக்கிறது. பேங்கில் தனியாய் மாற்ற வேண்டும். அம்மா போனுக்கு ரீசார்ஜ் மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் நம்பர் மாற்றியும் மெசேஜ் வராது.

அம்மாவுக்குத் தன் நம்பரே தெரியாது என்பீர்கள். போன் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டிப் பெரிதாய் எழுதித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
இ-சேவை அக்கா