ஒன்பது இரவுக்கு இரண்டு ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், முதல்முறை ஐரோப்பா போகும் குடும்பங்களுக்கென்று ஒரு பயணத் திட்டம் வெளியாகியிருந்தது. 9 இரவு, 5 நகரங்கள்: பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச், ரோம். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால், வளர்ந்த பிள்ளைகளை அழைத்துப் போக ஏற்றது என்று கடைசியில் ஒரு வரி இருந்ததே, அதைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. சென்ற ஆண்டு ஒரு பயண முகவர் எனக்குப் போட்டுக் கொடுத்ததும் கிட்டத்தட்ட இதே திட்டம்தான். அது வேண்டாம் என்று சொன்னவள் 15 வயதான என் மகள்.

அவள் அதை வாயால் சொல்லவில்லை. முகவர் அனுப்பிய அட்டவணையைக் கட்டம் போட்ட தாளில் எடுத்து எழுதினாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, ரயில் நிலையத்துக்குப் போவது, ரயில், மறுபடி புது அறையைத் தேடிப் போவது, அறை தயாராகும்வரை காத்திருப்பது, இவற்றையெல்லாம் கறுப்புப் பென்சிலால் நிரப்பினாள். தூங்கும் நேரத்தை நீல நிறத்தில். மிச்சம் இருந்த வெள்ளைக் கட்டங்களை என்னிடம் காட்டி, "எண்ணிப் பாரும்மா" என்றாள். பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு பிற்பகல்தான் மிஞ்சியிருந்தது. ரோமில் இரண்டு இரவு என்று போட்டிருந்தும் உருப்படியாக ஒரு முழு நாள்தான்.

கட்டுரைகள் ரயில் நேரத்தை மட்டும் சொல்கின்றன. பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலுக்கு யூரோஸ்டாரில் ஏறக்குறைய 3 மணி 20 நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தங்கும் இடத்தில் காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் 3 மணிக்குத்தான் சாவி கொடுப்பார்கள். நாங்கள் பாரிஸில் பெட்டியை மூடியதிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் பெட்டியைத் திறந்ததுவரை 7 மணி நேரம் ஆனது. அதுவும் வழியில் ஒரு தடங்கலும் இல்லாத நாள் அது. 9 இரவுக்குள் இப்படி நான்கு முறை மாறினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

கடைசியில் பாரிஸ் 5 இரவு, ஆம்ஸ்டர்டாம் 4 இரவு என்று முடிவு செய்தோம். ரோமை விட்டதில் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்து பார்க்க நினைத்த ஊர் அது. ஆனாலும் இரண்டு ஊரோடு நிறுத்தியதுதான் சரி. பாரிஸில் போய் இறங்கி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்புவதுபோல் விமான டிக்கெட் எடுத்தோம். போன வழியிலேயே திரும்பி வரத் தேவையில்லை என்பதால் ஒரு முழு நாள் மிச்சமானது. விமான நிறுவனங்களின் தேடலில் பல நகரங்கள் என்று ஒரு தனிப் பகுதி இருக்கும். அதில் பார்க்க வேண்டும். இரண்டு தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக எடுத்தால் பெரும்பாலும் விலை ஏறிவிடும்.

விசா பற்றிக் கட்டுரையில் இரண்டே வரிகள். பிள்ளையோடு போகிறவர்கள் அதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் எண்ணிக்கை சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. வேறு நாட்டுக்கு விண்ணப்பம் கொடுக்கச் சீக்கிரம் நேரம் கிடைக்கிறது, அங்கே போட்டுவிடலாம் என்றார் எங்கள் முகவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை; பாரிஸில் 5 இரவு, ஆகவே பிரான்ஸ். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணச் சலுகை 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். என் மகளுக்கும் பெரியவர்களுக்கான அதே 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று. என் கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் நானும் மகளும் மட்டுமே போனோம். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போகும்போது மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். விண்ணப்பத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகலைப் பயணம் முழுவதும் கைப்பையில் வைத்திருந்தேன். லண்டனையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள், அதற்குத் தனி விசா என்பதை முதலிலேயே நினைவில் வைக்க வேண்டும்.

முகவரின் திட்டத்தில் லூவ்ர் அருங்காட்சியகத்தைச் செவ்வாய்க்கிழமை போட்டிருந்தார்கள். செவ்வாய் அங்கே விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. இதையும் கண்டுபிடித்தவள் மகள்தான். அதோடு நிற்காமல், லூவ்ர் புதன், வெள்ளிகளில் இரவு 9 மணிவரை திறந்திருக்கும் என்றும், ஓர்சே வியாழனன்று இரவு 9.45 வரை என்றும் குறித்து வைத்தாள். எங்கள் பயணத்தையே மாற்றிய தகவல் இது. ஏனென்றால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இரவில் தூக்கம் பிந்தித்தான் வரும், காலையில் பிந்தித்தான் விழிப்பு வரும். அது சோம்பல் இல்லை, அந்தப் பருவத்து உடம்பின் இயல்பு. காலை 6.30 மணிக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டு, பிள்ளை எதையும் ரசிக்கவில்லை என்று குறைப்பட்டால் என்ன நியாயம்? ஜூன் மாதத்தில் பாரிஸில் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகிறது. நாங்கள் நிதானமாக 10 மணிக்கு மேல்தான் அறையை விட்டுக் கிளம்பினோம். புதன்கிழமை மாலையில் லூவ்ருக்குள் போனோம். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. தலையில்லாத, சிறகு விரித்த சமோத்ராஸ் தேவதையின் சிலைக்குக் கீழே அந்தப் பெரிய படிக்கட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்க முடிந்தது.

செலவைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். லூவ்ர், ஓர்சே, வெர்சாய், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், வான்கோ அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம், எந்த நாட்டவராக இருந்தாலும். ஆனால் இலவசம்தானே என்று போய் நின்றுவிடக் கூடாது. வான்கோவுக்கு இலவச டிக்கெட்டையும் நேரத்தோடு இணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். லூவ்ருக்கும் அப்படிச் செய்துவிடுவது நல்லது. வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

எதைப் பார்ப்பது என்பதில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு ஊரிலும் ஆளுக்கு மூன்று இடம். மற்றவர் மறுக்கக் கூடாது. பாரிஸில் அவள் முதலில் எழுதியது நிலத்தடிக் கல்லறைச் சுரங்கம். 131 படி இறங்கி, சுமார் 60 லட்சம் பேரின் எலும்புகளுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, 112 படி ஏறி வெளியே வரவேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்து இடுகாடுகள் நிரம்பி வழிந்தபோது, பழைய கல் சுரங்கங்களுக்குள் எலும்புகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எனக்கு மனசே இல்லை. ஆனால் ஏற்பாடு ஏற்பாடுதான். அதற்கு டிக்கெட் ஒரு வாரத்துக்கு முன்புதான் விற்பனைக்கு வரும் என்பதால் அவளே நாள் பார்த்து வாங்கினாள்.

அன்றைக்கு வழிகாட்டும் பொறுப்பும் அவளுடையது. ட்ரோக்கடேரோவில் 6ஆம் எண் மெட்ரோவில் ஏறி, டான்ஃபேர் ரோஷ்ரோவில் இறங்க வேண்டும். அவள் எதிர்த் திசை வண்டியில் ஏற்றிவிட்டாள். கதவு மூடிய மறுநொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் நேரம் குறித்த டிக்கெட். வாய்வரை வந்த சொல்லை அடக்கிக்கொண்டு சும்மா நின்றேன். அடுத்த நிலையத்தின் பெயரைப் பார்த்தாள், கதவுக்கு மேலே ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தாள், காது மடல் சிவந்தது. "அம்மா, தப்பா ஏறிட்டோம்" என்றாள். "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். கடைசி நிலையமான எத்வால்வரை போய், இறங்கி, அதே தடத்தில் திரும்ப அழைத்து வந்தாள். பாஸி நிலையத்தைத் தாண்டியதும் வண்டி வெளிச்சத்துக்கு வந்து பாலத்தின்மேல் ஏறியது. கீழே சேன் நதி, இடப்பக்கம் ஈஃபில் கோபுரம் அடிமுதல் நுனிவரை. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். சுரங்க வாசலுக்கு 4 நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு பயணம் முடியும்வரை நான் ஒரு முறைகூட வரைபடத்தைத் திறக்கவில்லை. இதற்கெல்லாம் 5 நகரத் திட்டத்தில் இடம் ஏது? ஒரு வண்டியைத் தவறவிட்டால் அன்றைய நாளே சரிந்துவிடுமே.

ஆம்ஸ்டர்டாமில் நாங்கள் தங்கிய வீட்டின் படிகள் ஏணிபோலச் செங்குத்தாக இருந்தன. லிஃப்ட் கிடையாது. அந்த ஊர்ப் பழைய வீடுகள் அப்படித்தான். முகப்பின் உச்சியில் கொக்கி மாட்டிய உத்திரம் நீட்டிக்கொண்டிருக்கும், மேசை நாற்காலியை அதில் கயிறு கட்டி ஜன்னல் வழியாக மேலே ஏற்றுவார்கள். எனவே ஆளுக்கு ஒரு சிறிய பெட்டிக்கு மேல் வேண்டாம். சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது மகளின் மூன்றில் ஒன்று. நகரின் நடுவே எனக்குத் துணிச்சல் வரவில்லை. சென்ட்ரல் நிலையத்தின் பின்பக்கத்திலிருந்து மறுகரைக்குப் போகும் படகு இலவசம், சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். வடகரையில் இறங்கிப் பிற்பகல் முழுவதும் ஓட்டினோம்.

அவள் கேட்ட இன்னொன்று ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீடு. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு அங்கே ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி அவள். அதற்கான டிக்கெட் இணையத்தில் மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு செவ்வாயும் அந்த ஊர் நேரம் காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்துள்ள நாட்களுக்கானது வெளிவரும். கொஞ்ச நேரத்தில் தீர்ந்தும் விடும். அந்தச் செவ்வாய்க்கிழமையை வைத்துத்தான் மற்ற நாட்களையே நாங்கள் அமைத்தோம். உள்ளே அறைகள் வெறுமையாக இருக்கின்றன. படம் எடுக்க அனுமதி இல்லை. ஒரு சுவரில், நேச நாட்டுப் படைகள் முன்னேறியதைக் குண்டூசி குத்திக் குறித்துக்கொண்ட, பிரான்ஸின் நார்மண்டி பகுதி வரைபடம். அதன் அருகே பென்சில் கோடுகள். ஒளிந்திருந்த இரண்டு ஆண்டுகளில் தன் இரு பெண்களின் உயரத்தையும் தகப்பன் சுவரில் குறித்து வைத்திருக்கிறார். ஆன் அந்த வீட்டுக்குள்ளேயே 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். 1944 ஆகஸ்ட் 4 அன்று அவர்களைப் பிடித்துப் போனபோது அவளுக்கு வயது 15. என் மகள் அந்தக் கோடுகளின் முன் நின்று, கடைசிக் கோடு தன் உடம்பில் எங்கே வருகிறது என்று உள்ளங்கையால் அளந்து பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் அவளைக் கூப்பிடவில்லை. வெளியே வந்து கால்வாய்க் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மாலைவரை வேறு எங்கும் போகவில்லை. போகவேண்டிய இடம் எதுவும் அன்று வைத்திருக்கவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு பயணத் திட்டத்தை வெளியிடும்போது, ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்திலேயே, பெட்டியை மூடியதிலிருந்து திறப்பதுவரை ஆகும் மணிக்கணக்கையும் அச்சிடுங்கள். எந்த இடத்துக்கு எத்தனை நாள் முன்னால் டிக்கெட் வாங்க வேண்டும், என்றைக்கு விடுமுறை என்பதையும் சேருங்கள். என் மகள் கறுப்படித்த தாள் இன்னும் வீட்டில் இருக்கிறது. பயன்படுமானால் நகல் எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி