கறளைத் தின்னும் பெயின்ற்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வீட்டுக் குறிப்புகளில், இரும்புக் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கக் கறளைச் சுரண்டி மினக்கெடத் தேவையில்லை, இப்போதைய பெயின்ற் கறளைத் தின்றுவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதியவர் கடலைப் படத்தில்தான் பார்த்திருப்பார் போலும். நான் இருப்பது திருகோணமலை உவர்மலையில். ஆங்கிலத்தில் அது ஓர்ஸ் ஹில்தான்; ஆனாலும் வாடைக் காற்று வீசும் மாதங்களில் யன்னல் கம்பியைத் தடவி விரலை நக்கிப் பார்த்தால், தமிழ்ப் பெயர்தான் சரி.

படகு திருத்தும் வேலைத்தலத்தில் 31 வருடம் பெயின்ற் வேலை செய்தவன் நான். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் துணியால் எடுப்போம். அப்புறம் நல்ல தண்ணீரால் கழுவிக் காய விடுவோம். அதன் பிறகுதான் வயர் பிரஷ். இந்த ஒழுங்கு மாறினால் பிரஷ் உப்பைக் குழிக்குள் தேய்த்து விடும். பெயின்ற் என்ன றப்பர் சீற்றா? ஈரம் மெல்ல உள்ளே போகும், அடியில் இருக்கும் உப்பு அதை இழுத்து வைத்துக்கொள்ளும், கொப்புளம் போடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

கறளை மாற்றும் திரவம் இருப்பது உண்மைதான். ஒட்டிப் பிடித்த மெல்லிய கறளைக் கறுப்பாக்கும். தட்டினால் தகடு தகடாக விழும் கறளை அது என்ன செய்யும்?

என் கேற்றின் கதையையும் கேளுங்கள். கண் ஒப்பரேஷன் செய்து நான் படுத்திருந்தபோது, ஒரு பாஸ் வந்து ஒரே நாளில் பச்சை அடித்துவிட்டுக் காசும் வாங்கிப் போனார். ஆறாம் மாதம் அடிச்சட்டத்தில் கொப்புளம். நகத்தால் அமத்தினேன், தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதே பாஸ், பக்கத்து வீட்டு நாகம் (துத்தநாகம்) பூசிய பைப்பில் நேராக எனாமல் அடித்திருந்தார். எனாமலில் உள்ள எண்ணெயும் நாகமும் சேர்ந்தால் சவர்க்காரம்தான் மிஞ்சும். அதற்கென்று தனிப் பிரைமர் உண்டு. நாகம் சட்டை உரித்தது போல அந்த எனாமல் முழுசாகக் கழன்று வந்தது.

சரி, அவர் தனி ஆள். கடற்கரைப் பக்கக் கைப்பிடிக் கம்பிகளை என்ன சொல்வது? பெரியவர் ஒருவர் வருகிறார் என்று இரவோடு இரவாக வெள்ளிப் பெயின்ற் பூசினார்கள். விடியப்புறம் நடக்கப் போனபோது கம்பியில் பனித்துளி நிற்கிறது, அதன் மேலேயே பிரஷ் ஓடுகிறது! இரும்பின் சூடு பனி படியும் அளவைவிட 3 பாகையாவது கூட இருக்க வேண்டும் என்பது வேலைத்தலத்தில் சேர்ந்த முதல் மாதமே நாங்கள் படித்தது. வந்தவரும் போய்விட்டார், வெள்ளியும் போய்விட்டது. அதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். கடிதத்தின் பாதியை வெட்டி, பனித்துளியை விட்டுவிட்டு, நகரை அழகாக வைத்திருப்போம் என்ற கடைசி வரியை மட்டும் போட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு இன்றுவரை நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. வரும் ஞாயிறு அதே இடத்தில் இரண்டு வரி போடுங்கள்: கரையோரத்தில் இருப்பவர்கள் சுரண்டுவதற்கு முன் கேற்றை நல்ல தண்ணீரால் கழுவவும்; கிணறு சவர் என்றால் பைப் தண்ணீர் பிடிக்கவும். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைக்கலாம்.

கேற்றில் ஒரு கொப்புளத்தை உடைக்காமல் விட்டிருக்கிறேன். குறிப்பு எழுதியவர் இந்தப் பக்கம் வந்தால் அவரே அமத்திப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயின்ற் தொழிலாளி,
உவர்மலை, திருகோணமலை.