பீரோவுக்குள் ஒரு காது

குன்னூர்,
வெள்ளிக்கிழமை

மாப்ளே,

தீபாவளிக்கே எழுதியிருக்க வேண்டியது, விடு. இங்கே எல்லாரும் நலம். நேற்றுப் பாப்பா போன் செய்தாள். அத்தனை பணம் கொடுத்து வாங்கிய காது மிஷினைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாயாம். ‘சத்தம் வருது, பேச்சு வரல’ என்று தீர்ப்பு வேறு. உன் கூட்டாளி தகரடப்பாவும் ஆமாம் போட்டானாம். அவன் எதற்குத்தான் போடவில்லை!

நீ சொன்னது பொய்யில்லை. அதை வைத்து மிஷினைக் குற்றம் சொன்னதுதான் தப்பு. ஒலியைப் பெருக்கிக் காதில் சேர்ப்பதோடு அதன் வேலை தீர்ந்தது. அதைப் பேச்சாக்குவது மூளை. உன் மூளை பல வருஷமாகப் பாதிப் பேச்சையே கேட்டுப் பழகிவிட்டது.

உள்காதுச் சுருளில் ஒலியை நரம்புக்கு மாற்றித் தரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 3,500தான். சுருளின் வாசல் பக்கம் கீச்சொலி, உள்கோடியில் கட்டை ஒலி. வயதானால் முதலில் கெடுவது வாசல் பக்கம். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, கட்டைப் பக்கம் இருக்கிறது. அது உனக்கு நன்றாகக் கேட்கிறது, அதனால்தான் ‘எனக்கா காது கேக்கல?’ என்று சண்டைக்கு வருகிறாய். ஆனால் ‘ஸ’வின் சீறல் 4,000க்கு மேலே, கெட்டுப்போன கீச்சுப் பக்கம். பத்துக்கும் பட்டுக்கும் உள்ள வித்தியாசம், நாக்கு விலகும் நொடியில் எழும் சின்ன வெடிப்பும் அதையொட்டிச் சில பத்து மில்லிசெகண்டுக்குள் நழுவும் சுருதியும்தான். மெய்யெழுத்தை மட்டும் கரையான் தின்ற கடிதம்தான் உன் மூளைக்குப் போய்ச் சேருகிறது.

மெதுவாகப் பேசினால் ‘என்ன?’, கொஞ்சம் உரக்கப் பேசினால் ‘ஏன் கத்துற?’ என்கிறாயே, அது திமிர் இல்லை என்று தங்கச்சியிடம் சொல். அதே சுருளில் சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் வெளி வரிசை மயிர்ச்செல்கள் செத்துப்போனால், கேட்காத நிலைக்கும் தாங்காத நிலைக்கும் நடுவே இடைவெளி குறுகிவிடும். கத்துவதால் உயிரொலிதான் இன்னும் பெருகும். முகம் பார்த்துக் கொஞ்சம் நிதானமாகப் பேசச் சொல். உதடும் பேச்சில் சேர்த்திதான். ஒலிப்பதிவில் ‘பா’ ஓட, திரையில் உதடு ‘கா’ சொன்னால், பார்ப்பவர்களில் பலருக்கு ‘டா’ என்று கேட்கும். 1976இல் மகர்க்கும் மெக்டொனால்டும் எழுதியது இது.

ஒலி வந்ததும் மூளைத்தண்டு முதலில் இரண்டு காதுகளையும் ஒப்பிடும். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் மில்லிசெகண்டுக்கும் குறைவு. அதை வைத்தே யார் எந்தப் பக்கம் பேசுகிறார் என்று பிரிக்கிறது. இரண்டு காதும் குறைந்திருக்க ஒரே மிஷின் வாங்கினாய் அல்லவா, உன் கஞ்சத்தனம் அடித்தது இந்த இடத்தில்தான்.

அடுத்தது நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளை மடல். அதன் மேல்வரம்பில் சில செல்கள் வெடிப்பொலிக்கு, சில சீறலுக்கு, சில மூக்கொலிக்கு என்று தனித்தனியே விழிக்கின்றன. அங்கிருந்து ஒரு வழி பொருளுக்கு, இன்னொன்று வாயசைவைத் திட்டமிடும் முன்பகுதிக்கு. இதில் மூளை சும்மா காத்திருப்பதில்லை. சொல் முடிவதற்குள்ளேயே, பல சமயம் கால் நொடிக்குள், இன்னதென்று ஊகித்துவிடும். 1970இல் ரிச்சர்ட் வாரன் ஒரு சொல்லின் நடுவே ஓர் ஒலியை வெட்டிவிட்டு அங்கே இருமலை வைத்தார். கேட்டவர்கள் அந்த ஒலி அங்கே இருப்பதாகவே கேட்டார்கள். நம் எல்லாருக்கும் இந்த ஒட்டுவேலை நடக்கிறது. உனக்குத் துணி குறைவு, ஒட்டுதான் அதிகம். தங்கச்சி ‘சந்தைக்குப் போனீங்களா’ என்றால் ‘சண்டைக்கு’ என்று தைத்துக்கொள்கிறாய்.

ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியம் ஓடிவிடும். சாயங்காலம் மண்டை கனப்பது அந்த உழைப்பால்தான். கல்யாணம், காரியம் எதற்கும் நீ போவதில்லை என்று பாப்பா சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. மறதி நோய்க்குத் தடுக்கக்கூடிய காரணங்களில் காது மந்தத்தையும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சேர்த்திருக்கிறது. மிஷின் போட்டால் மறதியே வராது என்று எவனாவது விற்றால் நம்பாதே. 2023இல் வந்த மூன்று வருஷ அமெரிக்க ஆய்வில் மொத்தக் கூட்டத்தில் வித்தியாசமே தெரியவில்லை. சர்க்கரை, பிரஷர் போல மறதிக்கான ஆபத்துகள் அதிகமிருந்த பிரிவில் மட்டும் மூளைத் தளர்ச்சி 48 சதவீதம் மெதுவானது. உனக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன, அதனால் சொல்கிறேன்.

பீரோவைத் திற. முதல் வாரம் வீட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரம் போடு, ஒருவரோடு மட்டும் பேசு, பேப்பரை வாய்விட்டுப் படி. பிறகு மெல்லக் கூட்டி நாள் முழுக்க. தகரக் கூரையில் பனிநீர் சொட்டுவது, பிளாஸ்டிக் பை சரசரப்பது எல்லாம் எரிச்சலாக வரும். தேவையில்லை என்று மூளை ஒதுக்கப் பல வாரம் பிடிக்கும். சந்தையும் பஸ் ஸ்டாண்டும் கடைசியில்தான். அங்கே பேசுகிறவருடன் உள்ள தூரத்தைப் பாதியாக்கு. திறந்த வெளியில் அதுவே 6 டெசிபல் லாபம். மிஷின்காரனிடம் திரும்பிப் போ. பழகட்டும் என்று ஆரம்பத்தில் குறைத்தே வைப்பார்கள். காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, செவிப்பறைப் பக்கம் உண்மையில் எவ்வளவு சத்தம் சேருகிறது என்று அளக்கச் சொல்.

உன் பண்ணைக்காட்டு மலை ஈரத்துக்கு ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் வை. பேட்டரி காற்றை இழுத்து வேலை செய்கிற ஜாதி. ஸ்டிக்கரைக் கிழித்து இரண்டு மூன்று நிமிஷம் விட்டுப் போடு. குளிரில் சீக்கிரம் தீரும், அதற்கும் என்னைத் திட்டாதே. கீச்சென்று கத்தினால் காதில் செருகும் அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது குறும்பி அடைத்திருக்கிறது.

காது சோதனையில் கொடுத்த வரைபடம், ஆடியோகிராம், அதைப் பாப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. அந்தக் கோடு மட்டும் போதாது. சொற்களைச் சொல்லி நூற்றுக்கு எத்தனை சரி என்று போட்ட மதிப்பெண்ணும் வேண்டும், இரண்டு காதுக்கும் தனித்தனியாக. போடவில்லை என்றால் திரும்பப் போய்ப் போட்டு வா. ஒரு காதில் மட்டும் அது ரொம்பக் கீழே இருந்தால், மிஷின் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் மதுரைக்குப் போய்ச் செவிநரம்புக்கு எம்ஆர்ஐ எடுக்கிறோம். அதற்கும் தகரடப்பாவிடம் யோசனை கேட்டாயானால் நானே மலையேறி வருவேன்.

உன்,
குண்டூசி